கோவை மாவட்ட ஆவணக் கட்டுகளையும் பாருங்கள்
கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களாவையும் அங்குள்ள நீலகிரி ஆவண மையத்தையும் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் அவர் நீலகிரியைக் 'கண்டுபிடித்தார்' என்கிறீர்களே, 1819-இல் அவர் மலையேறியபோது மலைவாழ் மக்களான தோடரும் கோத்தரும் படகரும் இங்கே இல்லையா என்ன?

அப்புறம், பழைய ஆவணம் தேடுபவர்களுக்கு ஒன்று. நீலகிரி தனி மாவட்டமானது 1868-இல்தான். அதற்கு முன் கோவையோடு இருந்தது. நடுவில் சில வருடம் மேற்குப் பகுதி மட்டும் மலபாரோடு. அதனால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் கோவை மாவட்டப் பதிவேடுகளைக் கேளுங்கள். நீலகிரி என்று மட்டும் தேடினால் சல்லிவன் காலத்துக் கடிதங்கள் சிக்குவது கஷ்டம். நிலம், வரி சமாச்சாரம் எல்லாம் அதில்தான்.

கன்னேரிமுக்கு மையம் ஞாயிறு திறந்திருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.