ட்ரூமன் தீர்ப்பு எழுதிய நீதிபதியா?

அமெரிக்க அதிபராக இருந்த ஹாரி ட்ரூமன் ஒரு சட்டப் பட்டதாரி, மிசூரி மாநிலத்தில் பல்லாண்டு நீதிபதியாக அமர்ந்து குற்றவாளிகளைத் தண்டித்தவர் என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. தவறு.

மிசூரியின் ஜாக்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) 'கவுண்டி கோர்ட் நீதிபதி' பதவியை அவர் வகித்தது உண்மைதான். 1923இல் தொடங்கி ஈராண்டு. 1924 தேர்தலில் தோற்றார். பின்பு 1927 முதல் 1934 முடியத் தலைமை நீதிபதி. குழப்பமெல்லாம் அந்தப் பெயரால் வந்தது. அன்றைய மிசூரியில் கவுண்டி கோர்ட் என்பது வழக்கு விசாரிக்கும் இடமே அல்ல. மூவர் கொண்ட நிர்வாகக் குழு. வரி, வரவு செலவு, சாலை, பாலம் ஆகியவைதான் அதன் கவலை.

அவர் விட்டுச் சென்றவை தீர்ப்புகள் அல்ல, கான்கிரீட் சாலைகள். அவற்றுக்காக 1928இல் 65 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்களின் ஒப்புதலைப் பெற்றார். கான்சாஸ் சிட்டியில் நீதிமன்றக் கட்டடம் எழுப்புமுன் காரில் ஊர் ஊராகப் போய் அத்தகைய கட்டடங்களைப் பார்த்தார். லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் இருந்தது பிடித்துப்போக, அதை வடிவமைத்த எட்வர்ட் நீல்டையே அழைத்துக்கொண்டார். ஆக, நீதிமன்றம் கட்டிய 'நீதிபதி'!

சட்டப் பட்டமா? இரவு வகுப்புகளுக்கு இரண்டு ஆண்டு போனார், முடிக்கவில்லை.