டெக்சாஸ் போகுமுன் சொத்து வரியையும் பாருங்கள்

மாநில வருமான வரி இல்லாததால் கலிஃபோர்னியாவை விட்டு டெக்சாஸுக்கு வரலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வருமான வரி இல்லைதான், சரி. சொத்து வரி? கலிஃபோர்னியாவில் வீடு கைமாறாதவரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, 1978-லிருந்து அப்படித்தான். நாங்கள் இருக்கும் டெக்சாஸில் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கே அந்த மதிப்பை ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றலாம். வாங்கப்போகும் வீட்டின் போன வருட வரியைக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) இணையதளத்தில் கட்டாயம் பாருங்கள்.

அப்புறம், 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் அடித்த பனிப்புயல். டாலஸ் பக்கம் எங்கள் வீட்டில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வாசல் பனியை வாளியில் அள்ளி வந்து உருக்கித்தான் கழிவறைக்கு ஊற்றினோம். குழந்தைக்கு மூன்று ஸ்வெட்டர் போட்டும் கை சில்லிட்டே கிடந்தது. வருகிறவர்கள் ஆகஸ்டில் ஒரு வாரம் தங்கி வெயிலையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.