கட்டிலில் படுத்தபடி ஒருவர் செய்துவிட்ட துப்பாக்கி

குழுமத்தில் பகிரப்பட்ட, துப்பாக்கி வடிவமைப்பாளர் கலாஷ்னிகோவ் பற்றிய அந்த ஊக்கப் படப்பதிவின் கீழே நான் எழுதிய பின்னூட்டத்துக்கு என்ன ஆனது என்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு யாராவது திரைப்பதிவை அனுப்பியிருப்பார்கள். ஏழாம் வகுப்போடு நின்றுவிட்ட ஓர் ஏழைச் சிப்பாய், மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டே, யாருடைய உதவியும் இல்லாமல், உலகமே வியக்கும் ஏகே-47 துப்பாக்கியைக் கண்டுபிடித்தார். ஆகவே நீங்களும் முயன்றால் முடியும் என்பது அந்தப் படத்தின் சாரம். நான் எழுதியது இரண்டே வரிகள்: "அவர் அதைத் தனியாகச் செய்யவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டும் செய்யவில்லை." இதற்கு ஒருவர் வயிற்றெரிச்சல் என்றார். இன்னொருவர், "ஆன்ட்டி, நீங்கள் வாழ்க்கையில் என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார், அந்தக் கேள்விக்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட சிரிப்புகள் விழுந்தன. அதற்குள் குழுமத்தின் நிர்வாகி, இங்கே எதிர்மறைச் சிந்தனைகளுக்கு இடமில்லை என்று சொல்லி என் இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டார். சிரிப்புகளை அவர் நீக்கவில்லை.

பரவாயில்லை. இது என் சுவர். ஆகவே நிதானமாகவே எழுதுகிறேன்.

மிகைல் கலாஷ்னிகோவ் 1919-ல் அல்தாய் பகுதியில் குர்யா என்ற கிராமத்தில் பிறந்தார். பத்தொன்பது பிள்ளைகளில் பதினேழாவது. அவர்களில் எட்டுப் பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். 1930-ல் அந்தக் குடும்பத்துக்குக் குலாக், அதாவது வசதி படைத்த விவசாயி, என்று முத்திரை குத்தி, நிலத்தையும் மாட்டையும் பிடுங்கிக்கொண்டு, சைபீரியாவுக்குள் இன்னும் தொலைவில் தோம்ஸ்க் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். போன முதல் குளிர்காலத்திலேயே தகப்பனார் இறந்துபோனார். அங்கிருந்து தப்பி வந்த அந்தப் பையன், தான் நாடு கடத்தப்பட்ட குடும்பத்தின் பிள்ளை என்பதைப் பல பத்தாண்டுகளுக்கு வெளியே சொல்லவில்லை. சோவியத் அரசு அவர் மார்பில் பதக்கம் குத்தியபோதும் அவர் அதை மறைத்தே வைத்திருந்தார். அந்தப் படத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? "ஏழைச் சிப்பாய்" என்ற இரண்டு சொற்களில் ஒரு குடும்பத்தையே மடித்து வைத்துவிட்டார்கள்.

கட்டில் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் என்னை அதிகமாக எரிச்சலூட்டுகிறது. டாங்கிப் படையில் இருந்த அவர் 1941 அக்டோபரில் பிரியான்ஸ்க் அருகே காயமடைந்தார். யெலெட்ஸ் நகர மருத்துவமனையில் கிடந்தபோது, ஜெர்மானியர்களிடம் தானியங்கித் துப்பாக்கிகள் இருக்கின்றன, நம்மிடம் ஏன் இல்லை என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் புலம்பியதைக் கேட்டு, அங்கிருந்த நூலகத்தில் ஆயுதம் பற்றிய நூல்களைத் தேடிப் படித்து, நோட்டில் வரையத் தொடங்கினார். இதுவரை சரி. ஆனால் அவர் வரைந்தது ஏகே-47 அன்று. அது கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தொடர்ந்து சுடும் ஒரு சிறிய சப்மெஷின் துப்பாக்கி. உடல் தேறுவதற்கான விடுப்பில், முன்பு தாம் வேலை பார்த்த மத்தாய் ரயில் நிலையத்துக்குப் போய், அங்கிருந்த டெப்போ பட்டறையில், தொழிலாளர்களின் கையுதவியோடு அதற்கு ஒரு மாதிரி செய்தார். அதை எடுத்துக்கொண்டு அல்மா-அத்தா போனபோது, கையில் துப்பாக்கியோடு வந்து நிற்கும் இவன் யார் என்று பிடித்துக் காவலில் வைத்தார்கள். பிறகு அங்கே இடம்பெயர்ந்திருந்த விமானவியல் கல்விக்கழகத்தின் பட்டறையில் இன்னொரு மாதிரி உருவானது.

அந்த இரண்டாவது மாதிரி சமர்கண்டுக்கு, பீரங்கிப் படைக் கழகத்தில் இருந்த பிளகன்ராவவ் என்ற அறிஞரின் மேசைக்குப் போனது. அவர் இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, இந்தத் துப்பாக்கி ஏற்றுக்கொள்ளத் தக்கதன்று. இரண்டு, இதைச் செய்த மூத்த சார்ஜென்ட் அசலான திறமைசாலி, இவரைத் தொழில்நுட்பக் கல்விக்கு அனுப்ப வேண்டும். பொருளை நிராகரித்துவிட்டு ஆளைப் படிக்க வைக்கச் சொன்ன அந்தப் பரிந்துரைதான் இந்த வாழ்க்கைக் கதையின் திருப்பம் என்று நான் நினைக்கிறேன். "படிப்பே வேண்டாம்" என்று சொல்ல விரும்புகிறவர்களுக்கு அது தேவைப்படாது என்பதும் எனக்குப் புரிகிறது. சுயமாகக் கற்றவர் என்பதற்கும் கற்காதவர் என்பதற்கும் இடையே உள்ள வித்தியாசம் அவ்வளவு கடினமானதா?

அதன் பிறகும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அவரை மாஸ்கோவுக்கு அருகே இருந்த ஆயுதச் சோதனைத் தளத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் வடிவமைத்த கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கி, சீமனவ் என்ற இன்னொரு வடிவமைப்பாளரின் கார்பைனிடம் தோற்றது. 1943-ல் சோவியத் பொறியாளர்கள் உருவாக்கிய இடைத்தரத் தோட்டா (கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கும் நீளத் துப்பாக்கித் தோட்டாவுக்கும் நடுவிலானது) இல்லாமல் ஏகே பற்றிய பேச்சே இல்லை; அந்தத் தோட்டாவை இவர் செய்யவில்லை. 1946-ல் புதிய தானியங்கித் துப்பாக்கிக்கான போட்டி வந்தபோது வடிவமைப்புகளைப் புனைபெயரில் அனுப்ப வேண்டியிருந்தது. தம் பெயரையும் தந்தை பெயரையும் சேர்த்து "மிக்தீம்" என்று எழுதி அனுப்பினார். அனுப்பிய வரைபடங்களை வரைந்தது யார்? சோதனைத் தளத்தின் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்த்த எகத்தெரீனா மொய்சேயெவா என்ற வரைவாளர். பிற்பாடு கலாஷ்னிகோவின் மனைவியானார். இந்தப் பெயரை நீங்கள் எந்தப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

போட்டியின் முதல் சுற்றைத் தாண்டிய பிறகு மாதிரிகளைச் செய்யக் கவ்ரோவ் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே அவருக்குத் துணையாக இருந்தவர் அலெக்சாந்தர் சாய்த்செவ் என்ற இளம் வடிவமைப்பாளர். கடைசிச் சுற்றுக்கு முன்னால் துப்பாக்கியை ஏறக்குறைய அடியோடு மாற்றிவிடலாம் என்று யோசனை சொன்னது தாம்தான் என்றும், கலாஷ்னிகோவ் முதலில் தயங்கினார் என்றும் சாய்த்செவ் எழுதியிருக்கிறார். இன்று நாம் பார்த்தவுடன் அடையாளம் காணும் அந்த வலப்பக்கத்து நீண்ட நெம்புகோல், பாதுகாப்புப் பூட்டாகவும் சுடும் முறையை மாற்றுவதாகவும் தூசி மறைப்பாகவும் மூன்று வேலை செய்யும் அந்த ஒரு தகடு, 1946-ன் மாதிரியில் இல்லை. மாற்றி அமைத்த பிறகுதான் வந்தது. கலாஷ்னிகோவ் தம் நினைவுக் குறிப்புகளில் சாய்த்செவைக் குறிப்பிடத்தான் செய்கிறார். மறந்தது அவர் அல்லர், நாம்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்ற கேள்விக்கு இதுவே பதில் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் டிராயிங் பிரிவில் வேலை பார்த்தவள். ஒவ்வொரு வரைபடத்தின் வலது கீழ்மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும். அதற்குள் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று சிறிய பெட்டிகள். நான் வாழ்நாள் முழுவதும் முதல் பெட்டியில் இருந்தேன். ஒருமுறை ஒரு பம்பின் தாங்கி திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விரிசல் விட்டது. மூன்று மாதங்களாகத் தகட்டின் கனத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தோம். ஒருநாள் பட்டறைக்கு அளவெடுக்கப் போனபோது, அங்கிருந்த வயதான வெல்டர் உடைந்த தாங்கியைக் கையில் எடுத்து, உள்மூலையைக் கட்டைவிரலால் தடவிக் காட்டி, "கனத்தைக் கூட்டி என்னம்மா பிரயோசனம், இந்த மூலையைக் கூரா விட்டா இங்கதான் விரியும், கொஞ்சம் வளைச்சு விடேன்" என்றார். வரைபடத்தில் அந்த மூலைக்கு ஒரு வளைவு கொடுத்தேன். அதற்குப் பிறகு புகார் வரவில்லை. ஆண்டு விழாவில் எங்கள் தலைமைப் பொறியாளர், சிக்கலைத் தன்னந்தனியாகத் தீர்த்த மேதை என்று அறிமுகப்படுத்தப்பட்டுக் கேடயம் வாங்கினார். நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கோபம் முழுக்க எனக்காகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வெல்டருக்காகவும் நான் கோபப்பட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.

ஆகவே "தனியாகச் செய்தார்" என்ற சொற்களை எங்கே பார்த்தாலும் என் கண் வலது கீழ்மூலைக்குத்தான் போகும். இதை வயிற்றெரிச்சல் என்றால், சரி, வயிற்றெரிச்சல்தான்.

இனி வரப்போகும் கேள்விகள் எனக்குத் தெரியும். "அப்படியானால் அது ஜெர்மானியத் துப்பாக்கியின் நகல் என்கிறீர்களா?" இல்லை. இது முந்தைய கட்டுக்கதையைவிட மோசமான கட்டுக்கதை. ஜெர்மானிய ஆயுத வடிவமைப்பாளர் ஹூகோ ஷ்மைஸரை, பின்னர் ஏகே தயாரான இஷெவ்ஸ்க் நகருக்குக் கொண்டுவந்தது 1946 அக்டோபரில். அந்த நேரத்தில் கலாஷ்னிகோவின் வடிவமைப்பு இஷெவ்ஸ்கில் இல்லை, போட்டியில் இருந்தது. ஷ்மைஸரின் துப்பாக்கியில், சுடும்போது குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பூட்டு சாய்ந்து பொருந்தும். ஏகேயில் சுழன்று பொருந்தும். வெளித்தோற்றத்தில் வளைந்த தோட்டாப் பெட்டியைப் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்று என்று சொல்கிறவர்கள், சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் சக்கரத்தை எண்ணிப் பார்த்து ஒன்று என்று சொல்லலாம்.

"ஒரு பெரிய மனிதரைச் சிறுமைப்படுத்துகிறீர்கள்." எங்கே சிறுமைப்படுத்தினேன்? போருக்கு முன்பே டாங்கியின் எஞ்சின் ஓடும் நேரத்தைக் கணக்கிடும் கருவி செய்து சோவியத் தளபதி ஜுக்கோவின் கையால் கடிகாரம் வாங்கியவர் அவர். இரண்டு முறை தோற்றபிறகும் மூன்றாவது முறை வந்து நின்றவர். பிறர் சொன்ன யோசனையில் எது நல்லது என்று கண்டுகொண்டு, தம் சொந்த வடிவத்தையே கலைத்துப் போட்டவர். அந்தக் கடைசிக் குணம் எனக்குத் தெரிந்த பட்டம் பெற்ற பலரிடம் இல்லை. 1971-ல் அவருக்கு ஆய்வேடு எழுதாமலேயே, செய்த பணிகளை வைத்து முனைவர் பட்டம் கொடுத்தார்கள். அதற்கு அவர் முழுத் தகுதி உடையவர் என்பதே என் கருத்து.

"இது வெறும் ஊக்கப் பதிவு, இதில் போய் உண்மையைத் தேடுவதா?" இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"கொலைக் கருவிக்கு யார் உரிமை கொண்டாடினால் என்ன?" இது மட்டும்தான் யோசிக்க வேண்டிய கேள்வி, அதனால்தான் கடைசியில் வைத்தேன். அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. 2017 செப்டம்பரில் மாஸ்கோவில் அவருக்குப் பெரிய சிலை வைத்தார்கள். பீடத்தில் அவருடைய துப்பாக்கிகளின் உருவங்கள், வரைபடங்கள் எல்லாம். திறந்து சில நாள்களுக்குள், அந்த உலோகத் தகட்டில் பொறித்திருந்த ஒரு வரைபடம் ஏகே அன்று, ஷ்மைஸரின் ஜெர்மானியத் துப்பாக்கி என்பதை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். ஆளை வரவழைத்து, அறுக்கும் இயந்திரம் வைத்து, தீப்பொறி பறக்க அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். தனிமனித மேதைமைக்கு எழுப்பிய சிலையில், வரைபடத்தைச் சரிபார்க்க ஒரே ஒரு ஆள் இல்லை. ஒப்புதல் அளித்தவர் பெட்டியில் மட்டும் எப்படியும் கையெழுத்து இருந்திருக்கும்.

இப்போது அந்தக் கேள்வி. அவர் 2013 டிசம்பரில் இஷெவ்ஸ்கில், 94 வயதில் காலமானார். வாழ்நாளின் பெரும்பகுதியில், நான் தாய்நாட்டைக் காக்கச் செய்தேன், தவறாகப் பயன்படுத்தியது அரசியல்வாதிகள், எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது என்றுதான் சொல்லி வந்தார். விவசாயிக்கு உதவும் ஒரு புல்வெட்டும் கருவியைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றும் ஒருமுறை சொன்னார். ஆனால் இறப்பதற்கு முன்னர் ரஷ்யத் திருச்சபையின் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம், அவர் இறந்த பின் வெளியானது. தன் ஆன்ம வேதனை தாங்க முடியாததாக இருக்கிறது, தன் துப்பாக்கி மனிதர்களின் உயிரைப் பறித்தது என்றால், அவர்கள் எதிரிகளாகவே இருந்தாலும், அந்தச் சாவுகளுக்குத் தான் குற்றவாளியா என்று அதில் கேட்டிருந்தார். ஆயுதம் தாய்நாட்டைக் காக்கப் பயன்படும்போது அதைச் செய்தவரைத் திருச்சபை ஆதரிக்கிறது என்று திருச்சபையின் தரப்பில் சொன்னார்கள். அந்தக் கடிதத்தை எழுத ஒரு பாதிரியார் உதவியிருப்பார் என்று மகள் சொன்னார். கடிதத்தைக்கூட அவர் தனியாக எழுதியிருக்கவில்லை போலும்.

ஆனால் கீழே ஒரே ஒரு கையெழுத்துத்தான் இருந்தது. தோட்டாவைச் செய்தவர்கள், கவ்ரோவில் இரவு பகலாக உட்கார்ந்தவர்கள், சோதித்துத் தேர்ந்தெடுத்த அதிகாரிகள், கோடிக்கணக்கில் செய்து நாடு நாடாக அனுப்பியவர்கள், ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கடிதம் எழுதவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் "இதை நீ ஒருவனே செய்தாய்" என்று ஒரு மனிதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தால், கடைசியில் அவன் அதை நம்பிவிடுகிறான்; புகழை மட்டும் நம்பிவிட்டுப் பழியை நம்பாமல் இருக்க முடிவதில்லை. அந்தப் படத்தைப் பகிர்ந்த பன்னிரண்டாயிரம் பேரும் அவரைப் பாராட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எதற்கோ தொடங்கி எங்கோ வந்துவிட்டேன். நீக்கப்பட்ட பின்னூட்டத்தைக் கொஞ்சம் திருத்தி இங்கேயே மறுபடி இடுகிறேன்: "அவர் அதைத் தனியாகச் செய்யவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டும் செய்யவில்லை. வரைந்தவர்: எகத்தெரீனா மொய்சேயெவா." இதை நீக்க வேண்டுமென்றால் நான்தான் நீக்க வேண்டும்.