உள்வீதி போடும் அதிகாரம் யாருக்கு?

இலங்கையில் குடியேற்றத் திட்டங்களுக்குள்ளே வீதி அமைக்கப் பிரதேச சபைக்கு அதிகாரமில்லை என்றும், அது முழுக்க முழுக்க வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வேலை என்றும் ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். இது தவறு. அந்த அதிகார சபையின் பொறுப்பில் இருப்பவை கண்டி–யாழ்ப்பாணம் ஏ9, பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 போன்ற ஏ, பி தர வீதிகள். சி, டி தர வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. அதற்குக் கீழே நம் வீட்டுப் படலை வரை வரும் பொது வீதிகளைப் பெரும்பாலும் பிரதேச சபைதான் பராமரிக்கிறது. புதிய வீதி அமைக்கவும், இருப்பதை அகலிக்கவும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைக்கு இடமளிக்கிறது.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு. தனியார் ஒருவர் வயற்காணியையோ தென்னங்காணியையோ துண்டு துண்டாகப் பிரித்து விற்கும்போது வரைபடத்தில் காட்டுகிற பாதை, சபைக்கு முறைப்படி கையளிக்கப்படும் வரை தனியார் பாதையே. அதில் பொதுப்பணத்தில் கிரவல் பரவினால் கணக்காய்வில் கேள்வி எழும். அதேபோல், வாய்க்கால் கரையால் போகும் பாதை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியதாக இருந்தால், சபை அதன் சம்மதமின்றி மதகுகூடக் கட்ட முடியாது.

ஆகவே "அதிகாரமில்லை" என்று யாராவது திருப்பி அனுப்பினால், அந்த வீதி சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நிதி இல்லை என்பது வேறு பதில். அதை அதிகாரமில்லை என்று சொல்லக்கூடாது.