"36 எடுங்க அக்கா, சரியா இருக்கும்"

நேற்றுப் பின்னேரம் மட்டக்களப்பு டவுனில் ஒரு புடவைக் கடையில் எனக்குக் கிடைத்த பதில் அது. நான் கேட்டது 32 டி அளவுப் பிரா. அந்தத் தம்பி என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தான். "டி எல்லாம் பெரிய ஆக்களுக்கு அக்கா. உங்களுக்கு 36 எடுங்க, சரியா இருக்கும்" என்று சொல்லி மூன்று பெட்டிகளை மேசையில் போட்டான். பக்கத்தில் துவாய் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. "போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். தலையாட்டினான், இல்லை என்று. அவன் தலைக்கு மேலே மட்டையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: உள்ளாடைகள் மாற்றிக் கொடுக்கப்பட மாட்டாது.

அளக்க மாட்டார்கள், போட்டுப் பார்க்கவும் விட மாட்டார்கள். பிழைத்தால் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். ஆனால் 1,800 ரூபாயை மட்டும் எண்ணி வைத்துவிட்டுப் போக வேண்டும். வேறு எந்தச் சாமானை இப்படி வாங்குவோம்? செருப்பு வாங்கினால் நாலு சோடி போட்டுக் கடைக்குள்ளேயே நடந்து பார்க்கிறோம். தேங்காயைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறோம்.

நான் பன்னிரண்டு வருசம் 36 பி போட்டவள். அந்த அளவை எனக்குச் சொன்னதும் ஒரு கடைதான். எங்கள் அம்மாவுக்கும் 36, பெரியம்மாவுக்கும் 36, அவவின் மருமகளுக்கும் 36. மூன்று பேரும் ஒரே உடம்பா? ஒருவர் மெலிவு, ஒருவர் பருமன், மற்றவர் பிள்ளை பெற்று நாலு மாதம். கடையில் இருப்பது 34, 36, 38. அதில் எது ஏறுகிறதோ அதுதான் நம்முடைய அளவு என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது.

நான் ரீச்சர். 7.30க்கு மணி அடித்தால் 1.30 வரைக்கும் சாறியோடு நிற்க வேண்டும். கரும்பலகையின் மேல் வரியில் திகதி எழுதக் கையைத் தூக்குவேன். தூக்கியதும் முதுகுப் பக்கத்துப் பட்டி மெல்ல மேலே ஏறும். கையை இறக்கினால் அது இறங்காது. முன்பக்கத்துக் கீழ் விளிம்பு அடியிலிருந்து நழுவி மார்பின் மேலேயே வந்து வெட்டிக்கொண்டு நிற்கும். முன்னால் நாற்பது பிள்ளைகள். எதையும் இழுத்துச் சரிசெய்ய முடியாது. அடுத்த மணி அடிக்கும்வரை அப்படியே பின்னம் படிப்பித்திருக்கிறேன். பிறகு ஆசிரியர் அறையில் அலுமாரிக்குப் பின்னால் போய் நின்று இழுத்து விடுவேன். அங்கே எனக்கு முன்னமே ஒரு ரீச்சர் நிற்பா, அதே வேலையாக. எத்தனை வருசம் இப்படி! ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பட்டி மேலே ஏறுகிறதே என்று தோள் வாரை இறுக்குவேன். இறுக்க இறுக்க அது தோளை வெட்டும். இன்றைக்கும் என் இரண்டு தோளிலும் விரல் வைத்தால் பதியும் அளவுக்குப் பள்ளம் இருக்கிறது. கழுத்திலிருந்து தோள்வரை பிடித்த வலிக்கு நான் பூசிய சித்தாலேபவுக்குக் கணக்கில்லை. கரும்பலகையில் எழுதி எழுதி வந்த வலி என்றுதான் நினைத்திருந்தேன். வயது போகிறது என்றார்கள், அதையும் நம்பினேன். அப்போது எனக்கு 31.

உண்மையைச் சொன்னது கார்மென்ட்ஸில் வேலை செய்யும் என் சித்தி மகள். அவளுடைய லைனில் பிராதான் தைக்கிறார்கள். ஒரு லீவு நாளில் வீட்டுக்கு வந்தவள் என் கொடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "இது யாருக்குக்கா? உங்களுக்கா?" என்று கேட்டாள். உடனே தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்தாள். மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தாள்: 32 அங்குலம். பிறகு மார்பின் நிறைந்த இடத்தைச் சுற்றித் தளர்வாகப் பிடித்தாள்: 36. "நாலு அங்குலம் வித்தியாசம். நீங்க 32 டி" என்றாள். இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிசத்தைப் பன்னிரண்டு வருசமாக ஒரு கடையும் எனக்குத் தரவில்லை!

எழுத்து என்பது ஆளின் பருமன் இல்லை, அந்த இரண்டு அளவுக்கும் இடையிலான வித்தியாசம். ஒரு அங்குலம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நாலு டி. ஒல்லியான பெண்ணுக்கும் டி வரலாம், பருத்த பெண்ணுக்கும் ஏ வரலாம். இலக்கம்தான் விலாவைச் சுற்றிய பட்டியின் அளவு. பட்டி மாறினால் அதே எழுத்துக்குக் கப்பின் கொள்ளளவும் மாறிவிடும். 36 பி, 34 சி, 32 டி மூன்றுக்கும் கப் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் கண்ணாடியில் பார்த்தால் எனக்கு 36 பி பொருந்துவது போலவே இருந்திருக்கிறது. கப் சரி, பட்டிதான் நாலு அங்குலம் கூட. பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது பட்டி. அது தொளதொளவென்று கிடந்தால் முழுப் பாரமும் இரண்டு வாரிலும் தொங்கும். என் தோளில் இருக்கும் பள்ளம் அப்படி விழுந்தது.

இன்னொன்றையும் அவள் சொன்னாள். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொளுக்கியில், அதாவது ஆகத் தளர்வான வரிசையில் மாட்டினால் இறுக்கமாக நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் மற்ற இரண்டு வரிசையும் இலாஸ்டிக் தளரத் தளர இறுக்கிக்கொள்வதற்குத்தான். நான் வாங்கிய முதல் நாளே ஆக உள்வரிசையில் மாட்டியவள். மூன்று மாதத்தில் அது துணியாகிவிடும். கடைக்காரர் "நல்ல கொம்பனி அக்கா, ரெண்டு வருசம் உழைக்கும்" என்பார்.

என் சித்தி மகள் நாள் முழுக்கக் கப் தைக்கிறாள், வார் பொருத்துகிறாள், கம்பி போகும் குழாயைத் தைக்கிறாள். அந்த லைனிலிருந்து 30 முதல் பெரிய பெரிய அளவுகள்வரை பெட்டி பெட்டியாக வெளிநாடு போகிறது. பிராவை உலகத்துக்குத் தைத்து அனுப்பும் நாடு இது. அதைத் தைக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் விடியப்புறம் பஸ் ஏறிப் போகிறவர்கள்! அந்த அளவுகள் லண்டனுக்குப் போகிறது, எங்கள் டவுனுக்கு வராது. வந்தாலும் எப்படி வருகிறது தெரியுமா? கழித்துவிட்ட சாமானாகச் சந்தையில் குவித்து வைத்திருப்பார்கள். நல்ல துணி, நல்ல தையல், விலையும் குறைவு. எடுத்துத் திருப்பினால் லேபலை வெட்டியிருப்பார்கள். கொம்பனிப் பெயரோடு அளவும் சேர்ந்து போய்விடும். தைத்தவளுக்குத் தெரிந்த அளவு வாங்குகிறவளுக்குத் தெரியக்கூடாதா? இதை எழுதும்போது கை நடுங்குகிறது எனக்கு.

எங்கள் தெருவில் சாறிச் சட்டை தைக்கும் அக்கா இருக்கிறா. ஒரு சட்டைக்கு அவ எடுக்கும் அளவுகளைப் பாருங்கள்: மார்பு, இடுப்பு, தோள், கைச்சுற்று, கழுத்து இறக்கம், தோளிலிருந்து மார்பு முனை. முன்கூடத்தில் நிற்க வைத்துக் கொப்பியில் எழுதி எழுதி எடுப்பா. அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. அதே மார்பில் நேரடியாகப் படுகிற, காலையிலிருந்து இரவுவரை உடம்போடு ஒட்டிக் கிடக்கிற உடுப்புக்கு மட்டும் நாடாவை எடுத்தால் வெட்கம் வந்துவிடுகிறதே, அது எப்படி?

பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு வைக்கிறோம். மண்டபம், வீடியோ, அல்பம், ஏழு சாறி மாற்றுகிறோம். அந்தப் பிள்ளைக்கு முதல் பிரா வாங்குவது யார்? மாமியோ சித்தியோ சந்தைக்குப் போகும் வழியில் "சின்னதா ரெண்டு தாங்க" என்று வாங்கி, கடதாசியில் சுற்றி, அரிசிப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவருவார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. அளவு என்று ஒன்று உண்டு என்பதையே யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் இன்னும் மோசம். காற்று அனல், உடம்பெல்லாம் வியர்வை. கடையில் இருப்பதோ தடித்த பஞ்சு வைத்த, நைலோன் துணி. "கொட்டன் இருக்கா?" என்றால் பாட்டிமார் போடும் ஒரு வெள்ளைப் பிராவை நீட்டுகிறார்கள், அதுவும் 38. வீட்டுக்கு வந்து கழற்றினால் மார்புக்குக் கீழே வளைவாக ஒரு சிவந்த கோடு, கோடு முழுக்க வேர்க்குரு. குளித்துவிட்டுப் பவுடர் போட்டால் எரியும். ஒருமுறை கம்பி தையலைக் குத்திக்கொண்டு வெளியே வந்து கக்கத்துக்குப் பக்கத்தில் கீறியது. சாறிச் சட்டையில் இரத்தம் பொட்டாகப் பட்ட பிறகுதான் கண்டேன். அன்றைக்கு ஐந்தாம் பாடவேளைவரை புத்தகத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தோய்த்தால் காயப்போடவும் இடமில்லை. கொடியில் போட்டு மேலே உள்பாவாடை, அதற்கு மேலே துவாய். ஆண்கள் பார்க்கக்கூடாதாம். அவர்களுடைய பெனியன் முற்றத்தில் கொடி கட்டிப் பறக்கிறது. எங்களுடையது காற்றுப்படாமல் ஈரம் நாறி, அடுத்த நாள் அதையே போட்டு, தோல் அரித்து, அதையும் யாரிடமும் சொல்லாமல்...

இந்த உடுப்பின் முன்னோடி வடிவம் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தவர் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற அமெரிக்கப் பெண், 1914 இல். உடம்பை இறுக்கும் கோர்செட்டைச் சகிக்க முடியாமல் இரண்டு கைக்குட்டையையும் ரிப்பனையும் வைத்துத் தைத்தார். வலி இல்லாமல் இருப்பதற்காகத்தான் இது வந்ததே. நூறு வருசம் தாண்டியும் நாங்கள் வலியோடு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எனக்குப் பொருந்திய ஒரே ஒரு பிரா கொழும்பில் வாங்கியது. ஒரு கலியாணத்துக்கு உதயதேவி ரயிலில் ஒரு பகல் முழுக்க இருந்து போனேன். அங்கே ஒரு கடையில் ஒரு பெண் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் அளந்து, மூன்றைத் தந்து போட்டுப் பார்க்கச் சொன்னா. இரண்டாவதை மாட்டிக் கையைத் தூக்கினேன், கரும்பலகையில் எழுதுவது போல. பட்டி அசையவில்லை. அந்தச் சின்ன அறைக்குள் நின்று அழுதுவிட்டேன். அதைத்தான் ஒன்றரை வருசமாகப் போடுகிறேன், இப்போது கொளுக்கி மூன்றாம் வரிசைக்கு வந்துவிட்டது. அதனால்தான் நேற்று அந்தக் கடைக்குப் போனேன்.

அந்தத் தம்பியில் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதலாளியிடம் போனேன். "32 டி எடுத்து வைக்கலாமே, அளக்க ஒரு பொம்பிளைப் பிள்ளையை வைக்கலாமே" என்றேன். காசு எண்ணிக்கொண்டே சொன்னார்: "ஒருத்தரும் கேக்கிறதில்ல ரீச்சர்."

எப்படிக் கேட்பார்கள்? கேட்டால் கடையே திரும்பிப் பார்க்கிறது. "நான் கேக்கிறேன் தானே" என்றேன். "ஒரு ஆளுக்காக எடுக்க ஏலாது" என்றார்.

என் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒன்பது பிரா கிடக்கிறது. ஏழு ஒரே ஒரு நாள் போட்டவை. இரண்டில் இன்னும் விலைத் துண்டு இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் ஒன்பதாயிரத்துக்கு மேல். அந்தக் காசு முழுக்க அந்த முதலாளி போன்றவர்களின் கல்லாவுக்குள் போயிருக்கிறது.

மட்டக்களப்பிலோ, காத்தான்குடியிலோ, கல்முனையிலோ, அக்கரைப்பற்றிலோ, ஒரு திரையும் ஒரு நாடாவும் அளக்கத் தெரிந்த ஒரு பெண்ணும் இருக்கிற கடை ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் சொல்லுங்கள். இந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறுகிறேன். அலுமாரிக்குப் பின்னால் நிற்கிற அந்த ரீச்சரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.