இரவல் கொடுக்க முடியாத நூல்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எவராவது ஒரு நூலை வாங்கினால், அது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தின் பத்துக் காம்பராக்களையும் சுற்றி, அட்டை கழன்று, தேநீர்க் கறையோடுதான் வாங்கியவரிடம் திரும்பி வரும். அப்படி வாசித்து வளர்ந்த எனக்கு, காசு கொடுத்து வாங்கிய பதினொரு மின்னூல்களை என்னாலேயே திறக்க முடியாமற்போனது சென்ற ஆண்டில்தான்.

வெளிநாட்டில் வேலை செய்த அக்கா கொடுத்த வாசிப்புக் கருவி பழுதாகிவிட, கண்டியில் கிடைத்த வேறொரு நிறுவனத்தின் கருவியை வாங்கினேன். பழைய கடையில் வாங்கிய ஒரு நூலும் அதில் திறக்கவில்லை. கடைக்கு எழுதிக் கேட்டபோது, நான் வாங்கியது நூலை அல்ல, வாசிக்கும் அனுமதியை மட்டுமே என்று பணிவாகப் பதில் வந்தது.

கோப்பு வடிவமே இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். 2007இல் தரமாக்கப்பட்ட ஈபப் என்னும் மின்னூல் வடிவம், உள்ளே பார்த்தால் இணையப் பக்கங்களைச் சேர்த்துச் சுருக்கிக் கட்டிய ஒரு சிப் (zip) பொதி மட்டுமே. திரையின் அளவுக்கேற்ப எழுத்துகள் தாமாக ஒழுங்காகிக்கொள்ளும். அமேசானின் வாசிப்புக் கருவியான கிண்டில் தனக்கென வேறு வடிவங்களை வைத்திருந்தாலும், நம் கோப்புகளை அதற்கு அனுப்பும் அமேசானின் சேவை 2022 முதல் ஈபப்பையும் மாற்றித் தருகிறது. ஆனால் வேறு கருவியில் திறக்காதபடி கடை பூட்டிய ஈபப்பை அது ஏற்காது. காலிபர் போன்ற மென்பொருளும் பூட்டில்லாத கோப்பைத்தான் மாற்றித் தரும். ஆகவே வடிவத்தை மாற்ற வழியுண்டு. தடையாக நிற்பது டி.ஆர்.எம். என்னும் அந்த மின்பூட்டு. வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கிவைக்க இருந்த வசதியையும் அமேசான் 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது.

2019இல் மைக்ரோசொப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் வாசகர்களின் கணினிகளிலிருந்து மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்கு மேலும் 25 டொலர். பென்சிலால் ஓரத்தில் எழுதியதற்கு விலை வைக்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நூலகம் என்னும் வலைத்தளம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் மலையக இதழ்களையும் பூட்டின்றித் தருகிறது. அச்சுப் பக்கங்களைப் படமாக வருடிய (ஸ்கேன் செய்த) பீடிஎப் என்பதால், ஆறு அங்குலத் திரையில் எழுத்துகள் தேயிலைத் தூள்போலச் சிறுத்துவிடுகின்றன என்பது மட்டுமே என் குறை. அதற்காக அதனிடம் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

பூட்டு இல்லாவிட்டால் திருட்டு நடக்கும் என்று பதிப்பாள நண்பர்கள் சொல்கிறார்கள். அச்சு நூலைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறவரை எந்தப் பூட்டு தடுக்கிறது? அது தடுப்பது விலை கொடுத்தவரைத்தான். அறிவியல் புனைகதைப் பதிப்பகமான டோர் 2012இலேயே பூட்டைக் கைவிட்டது. கிண்டிலில் நூலை வெளியிடும்போது டி.ஆர்.எம். வேண்டுமா என்று நூலாசிரியரிடமே கேட்கிறார்கள். நம் மலையக எழுத்தாளர்கள் அங்கே வேண்டாம் என்று சொல்ல வேண்டும், முடிந்தால் ஈபப்பாகவும் நேரடியாக விற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்தப் பதினொன்றில் நான்கை அச்சில் மறுபடி வாங்கினேன். மூன்று இப்போது பணிய லயத்தில் யாரிடமோ இருக்கின்றன.