ஃபிஃபோவோடு நிறுத்திவிடாதீர்கள்

எக்ஸ்வி6 என்ற கற்பித்தல் இயங்குதளத்தில் பேஜிங் (நினைவகப் பக்கங்களை டிஸ்குக்கு அனுப்பி, வேண்டும்போது திரும்பக் கொண்டுவருவது) சேர்ப்பவர்களுக்கு 'பக்க மாற்றத்துக்கு ஃபிஃபோ போதும்', அதாவது முதலில் வந்த பக்கத்தையே முதலில் வெளியேற்றினால் போதும், என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். எழுத எளிதுதான், மறுக்கவில்லை. ஆனால் 1,2,3,4,1,2,5,1,2,3,4,5 என்ற பக்க எண் வரிசையை அதில் ஓட்டிப் பாருங்கள். நினைவகத்தில் 3 ஃபிரேம் (ஒரு பக்கம் அமரும் இடம்) இருந்தால் 9 பேஜ் ஃபால்ட் (கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லாத நிலை), இடத்தை 4 ஃபிரேமாகக் கூட்டினாலோ 10! பெலாடியும் கூட்டாளிகளும் 1969இலேயே காட்டிய விசித்திரம் இது. பக்கங்களை வட்டமாகச் சுற்றிப் பார்க்கும் கடிகார முறைக்கு இன்னும் இருபது வரிதான் கூடும்: அணுகல் பிட் (பக்கம் அண்மையில் தொடப்பட்டதா என்ற குறி) 1 என்றால் அதை 0 ஆக்கிவிட்டு நகர், 0 என்றால் அந்தப் பக்கத்தை வெளியேற்று.

உண்மையான தலைவலி வேறு இடத்தில். திருகோணமலையில், உவர்மலை வீட்டில் இருந்து எக்ஸ்வி6-இன் ரிஸ்க்-ஃபைவ் (ஒரு செயலி வகை) பதிப்பில் பேஜிங்கைச் சேர்த்தபோது மூன்று இரவு போயிற்று. பயனர் நிரல் தொட்டால் பக்கம் டிஸ்கிலிருந்து ஒழுங்காகத் திரும்பி வருகிறது. கோப்பைப் படிக்கும் ரீட் என்ற சிஸ்டம் காலை அழைத்தால் மட்டும் -1, அதாவது தோல்வி. வெளியே தெருவில் மான்கள் குப்பை கிளறிக்கொண்டிருந்தன (எங்கள் ஊரில் இது வழக்கம்தான்), அப்போதுதான் உறைத்தது: பயனரின் பஃபருக்கு (படித்த தரவு வந்து சேரும் நினைவக இடம்) எழுதும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), முகவரியை வாக்அட்ர் என்ற தன் ஃபங்ஷன் வழியே மென்பொருளிலேயே தேடுகிறது. செல்லுபடி பிட் (பக்கம் நினைவகத்தில் இருக்கிறதா என்ற குறி) 0 என்றால் அது பூச்சியத்தைத் திருப்பிவிடும், ஃபால்ட்டே எழாது. அங்கேயும் பக்கத்தை நாமே கொண்டுவர வேண்டும். ஓடும் நிரலை நகலெடுக்கும் ஃபோர்க் அழைப்பும் அப்படித்தான், டிஸ்கில் இருக்கும் பக்கத்தைக் கண்டதும் என் பதிப்பு பேனிக் ஆகி நின்றது.

இந்த இரண்டையும் கட்டுரையில் சேர்த்தால் நல்லது, ஐயா. அப்புறம் ஒரு கேள்வி: மாறாத பக்கங்களையும் உங்கள் கோட் டிஸ்கில் எழுதுகிறதே, டர்ட்டி பிட்டை (பக்கம் மாறியதா என்ற குறி) பார்க்காமல் விட்டது வேண்டுமென்றா?